துண்டு விரித்தால் பிச்சையா?

பொது இடத்தில் பாடியோ ஆடியோ வித்தை காட்டியோ, பார்ப்பவர் விரும்பிக் கொடுக்கும் காசைப் பெற்றுப் பிழைக்கும் தொழிலுக்கு இந்தியச் சட்டத்தில் தனிப்பெயர் இல்லை. ஆங்கிலம் பேசும் நாடுகளில் ‘பஸ்கிங்’ எனப்படும் இத்தொழில் தமிழ்நாட்டில் கழைக்கூத்து, பகல்வேடம், மோடிவித்தை, பூம்பூம் மாடு, குடுகுடுப்பை எனப் பல உருவங்களில் நெடுங்காலமாக வாழ்ந்துவந்திருக்கிறது. இந்தப் பெயர்களில் ஒன்றைக்கூடச் சட்டம் எடுத்துக்கொள்ளாமல், இவை அனைத்தையும் ‘பிச்சை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டது என்பதே இன்று பேச வேண்டிய செய்தி. 1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் பிச்சை கேட்பதையும் பெறுவதையும் வரையறுக்கும்போது, பாடுதல், ஆடுதல், குறி சொல்லுதல், வித்தை காட்டுதல், பொருள் விற்றல் ஆகியவற்றைச் சாக்காகக் கொண்டு பெற்றாலும் அது பிச்சையே என்கிறது. அதற்கு முந்தைய 1945ஆம் ஆண்டின் சென்னைப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது. ‘சாக்கு’ என்ற அந்த ஒரு சொல்லில் சட்டத்தின் பார்வை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஏந்திய கையைக் கண்ட சட்டம், அந்தக் கை அதற்கு முந்தைய அரைமணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் காணவில்லை.

பம்பாய்ச் சட்டத்தின்படி பிடியாணை இல்லாமலேயே கைது செய்யலாம். முதன்முறை குற்றம் உறுதியானால் ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை காப்பகத்தில் அடைக்கலாம். மீண்டும் மீண்டும் பிடிபட்டால் பத்து ஆண்டுகள் வரை நீளும். டெல்லிக்கு நீட்டிக்கப்பட்டிருந்த இச்சட்டத்தின் பெரும்பாலான பிரிவுகளை, வறுமையைக் குற்றமாக்குகின்றன என்ற அடிப்படையில், டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. ஆயினும் அத்தீர்ப்பு முதன்மையாக ஏழையைப் பற்றியது. ஏழ்மையும் கலையும் ஒரே உடலில் குடியிருக்கும் மனிதர், ஏழை என்ற வகையில் தண்டனையிலிருந்து தப்பினாலும், கலைஞர் என்ற வகையில் இன்னும் உரிமை ஏதும் பெறவில்லை.

காரைக்கால் இந்தக் கேள்வியைச் சிந்திக்கத் தக்க ஊர். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த இம்மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். கிழக்கே கடல், மற்ற மூன்று புறமும் தமிழ்நாட்டு மாவட்டங்கள். வடக்கே தரங்கம்பாடியில் டேனியரும், தெற்கே நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என அடுத்தடுத்தும், இடையே காரைக்காலில் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரரும் ஆண்டதால், ஒரு நாள் நடைதூரத்துக்குள் மூன்று ஐரோப்பியச் சட்டமுறைகள் அடுத்தடுத்து நின்ற கரை இது. தோளில் உறுமி மேளத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு இக்கரையில் ஊர் ஊராகப் போனவருக்கு எல்லைக்கோடு ஒன்றும் தெரிந்திருக்காது. எந்த ஊரில் எந்த நாளில் திருவிழா என்பது மட்டுமே அவருடைய வரைபடம்.

அந்த வரைபடத்தின் நடுவில் காரைக்கால் மாங்கனித் திருவிழா இருக்கிறது. ஆனி மாதப் பௌர்ணமியையொட்டி, காரைக்கால் அம்மையாரின் வரலாற்றை நடத்திக் காட்டும் இவ்விழாவில், சிவபெருமான் பிச்சாண்டவர் கோலத்தில், அதாவது ஓடு ஏந்தி இரந்துண்ணும் வடிவில், வீதி உலா வருகிறார். வீட்டு மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மக்கள் மாங்கனிகளை வீசுகிறார்கள். கீழே நிற்பவர்கள் அவற்றைப் பிடிக்க முண்டியடிக்கிறார்கள். இரப்பவராகத் தெருவில் இறங்கும் ஒருவரை ஊரே கூடி வணங்கும் நாளில், அதே கூட்டத்தின் ஓரத்தில் துண்டு விரித்துப் பாடும் ஒருவரைக் காவலர் எழுப்பி அனுப்பினால் அதில் உள்ள முரணை யாரும் கவனிப்பதில்லை. இது இக்கரையின் ஒரு சமயத்துக்கு மட்டும் உரிய மரபும் அன்று. ரமலான் மாதத்தில் விடியலுக்கு முன்பு தாயிரா என்னும் பறையைக் கொட்டிப் பாடி மக்களை நோன்பு உணவுக்கு எழுப்பும் பக்கிரிசாக்களை நாகூர், காரைக்கால் தெருக்கள் நன்கு அறியும். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராசப் பெருமாள் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, அவரை மாப்பிள்ளை என்று உரிமை கொண்டாடி மீனவர்கள் எதிர்கொள்ளும் வழியெங்கும் தெருவே அரங்கமாகிறது.

காணி பெற்ற கூத்து

தெருக்கலையை முறைப்படுத்துவது புதிய சிந்தனை என்று நினைப்பது தவறு. காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரில், மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே பகலில் நாளங்காடி கூடியது என்று சிலப்பதிகாரம் விவரிக்கும்போது, கூட்டம் கூடுவதற்கு இடமும் பொழுதும் வகுக்கப்பட்டிருந்த ஒரு நகரம் கண்முன் நிற்கிறது. அதற்கும் முந்தைய பாணரும் விறலியரும் கூத்தரும் பொருநரும் பரிசில் நாடி அலைந்தவர்கள். அவர்களை வழிப்படுத்துவதற்கென்றே ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை தோன்றியது. எங்கே போனால் யார் மதிப்பார் என்று ஒரு கலைஞர் இன்னொரு கலைஞருக்குச் சொல்வதே அதன் உள்ளடக்கம் என்பதால், தொழில் வழிகாட்டி நூல் என்று அதை அழைத்தாலும் மிகையாகாது.

சோழர் காலத்தில் இந்த ஏற்பாடு நிலத்தோடு பிணைந்தது. கூத்தாடுவோருக்கு வாழ்க்கைக்காக விடப்பட்ட இறையிலி நிலம் கூத்துக்காணி எனப்பட்டது. ‘காணி’ என்பது வழிவழியாக அனுபவிக்கும் உரிமை. காமரசவல்லிக் கோயிலில் ஆதிரைத் திருநாள்களில் சாக்கைக்கூத்து ஆடுவதற்கு இவ்வாறு நிலம் விடப்பட்டதை இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடும் பங்கும் அளிக்கப்பட்டதை இராசராசன் கல்வெட்டு பட்டியலிடுகிறது. கோயிலைச் சார்ந்த கலைஞருக்குக் கிடைத்த இந்த வாழ்வு, தெருவில் மூங்கில் நட்டுக் கயிறு கட்டிய கழைக்கூத்தாடிக்குக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. சாதியும் கோயிலும் வகுத்த வட்டத்துக்கு வெளியேதான் அவர் நின்றார். எனினும் கூத்து எந்த நாளில், எந்த இடத்தில், எந்த வருவாயில் நடக்க வேண்டும் என்று கல்லில் எழுதிவைத்த ஒரு மரபு, இசைவு கொடுப்பதையும் சோறு கொடுப்பதையும் ஒரே ஆவணத்தில் வைத்திருந்தது. பிற்காலச் சட்டங்களோ இசைவை மட்டும் எடுத்துக்கொண்டு சோற்றை விட்டுவிட்டன.

தெருவின் மேல் காவல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரங்கள் பெருத்தபோது தெருவின் ஓசை ஒரு சிக்கலாயிற்று. கணிப்பொறியின் முன்னோடி என்று போற்றப்படும் சார்லஸ் பாபேஜ், இலண்டன் தெருக்களில் கைப்பிடி சுழற்றி ஆர்கன் வாசித்தவர்களால் தம் சிந்தனை சிதறுவதாக ஓயாமல் முறையிட்டவர். அவரும் அவரைப் போன்றோரும் எழுப்பிய குரலின் விளைவாக, மைக்கேல் பாஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த தெரு இசைச் சட்டம் 1864இல் நிறைவேறியது. நோய் முதலிய தக்க காரணம் காட்டி, வீட்டுக்காரர் தம் வீட்டருகே வாசிப்பவரை அகலச் சொல்லும் உரிமையை அது அளித்தது. இச்சட்டம் ஏழை இசைவாணரைச் செல்வர் விரட்ட உதவியது உண்மை என்றாலும், அது கேட்டது காரணத்தை. வாசிப்பவர் பிச்சைக்காரரா என்று கேட்கவில்லை.

இந்தியாவில் ஆங்கில ஆட்சி வேறு வழியில் சென்றது. 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம், திருவிழாக்களிலும் சடங்குகளிலும் தெருவில் எந்த அளவுக்கு இசைக்கலாம் என்பதை முறைப்படுத்தும் அதிகாரத்தைக் காவல் அதிகாரிக்கு அளித்தது. அதன் நோக்கம் கலை அன்று, ஊர்வலத் தகராறு. பத்து ஆண்டு கழித்து வந்த 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், ஓரிடத்தில் தங்காமல் அலையும் சமூகங்களைப் பிறப்பாலேயே ஐயத்துக்குரியவர்களாக்கியது. சென்னை மாகாணத்தில் கயிற்றின் மேல் நடந்து வித்தை காட்டிய தொம்பர் சமூகமும் இதிலிருந்து தப்பவில்லை; தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில், அதாவது அச்சட்டத்தின் பிடியிலிருந்து பின்னர் விடுவிக்கப்பட்ட சமூகங்களின் பட்டியலில், அவர்கள் பெயர் இன்றும் இருக்கிறது. நாடோடிக் கலைஞர் ஊருக்குள் நுழைந்தவுடன் முதலில் காவல் நிலையத்தில் தம் இருப்பைத் தெரிவிக்க வேண்டியிருந்த அந்தக் காலத்தின் நிழல், சட்டம் நீங்கி எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் காவலரின் குரலிலிருந்து முற்றாக நீங்கிவிடவில்லை.

விடுதலைக்குப் பின் அரசியல் அச்சம் இதோடு சேர்ந்துகொண்டது. எம். ஆர். ராதாவின் இராமாயண நாடகம் எழுப்பிய கொந்தளிப்பின் பின்னணியில் 1954இல் சென்னை நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. எழுத்தாளரும் ‘பரீக்ஷா’ நாடகக் குழுவை நடத்தியவருமான ஞாநி தொடுத்த வழக்கில் அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் இரத்து செய்யும்வரை, நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் முன்கூட்டியே காட்டும் வழக்கம் நீடித்தது. மேடை நாடகத்துக்குக் கிடைத்த இந்த விடுதலை வீதி நாடகத்துக்கு நடைமுறையில் பாதியே கிடைத்தது. பிரதிக்கு இசைவு தேவையில்லை என்றாலும் இடத்துக்கு இசைவு தேவைப்படுகிறது. அந்த இசைவு மறுக்கப்படுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் எழுத்தில் வருவதில்லை.

காரணம் எழுத்தில் வர வேண்டும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வே வழி காட்டியிருக்கிறது. அகமதாபாத்தில் பொதுத் தெருவில் கூட்டம் நடத்த இசைவு மறுக்கப்பட்டதை எதிர்த்து ஹிம்மத்லால் ஷா தொடுத்த வழக்கில் 1972இல் வந்த தீர்ப்பு, தெருவில் கூடுவதை முறைப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் எந்த அளவுகோலும் வகுக்காமல், கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம் என்று விட்டிருந்த விதியைச் செல்லாது என்றது. நகராட்சிகளும் காவல்துறையும் தெருக்கலை குறித்து எதை எழுதுவதாயினும் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு இதுவே.

குழந்தையும் மாடும்

தெருக்கலையைப் போற்றி எழுதுவோர் வழக்கமாக நழுவிச் செல்லும் இடம் ஒன்று உண்டு. கழைக்கூத்தில் கயிற்றின் மேல் நடப்பவர் பெரும்பாலும் எட்டு, பத்து வயதுச் சிறுமி. கீழே வலை இருப்பதில்லை. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் படிப்பு கெடாத வகையில் குழந்தை கலைஞராகப் பணிபுரியலாம் என்று விலக்கு அளித்தபோது, சர்க்கஸை அந்த விலக்கிலிருந்து நீக்கிவைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை ஈடுபடுத்துவதைத் தடுத்ததன் தொடர்ச்சி அது. கூடாரத்துக்குள் தடுக்கப்பட்ட ஆபத்து தெருவில் மட்டும் கலையாகிவிடாது. இந்த ஒன்றில் மரபை மட்டும் காட்டி விலக்குக் கேட்பது நியாயமாகாது. அதே வேளையில் சிறுமியைக் கயிற்றிலிருந்து இறக்கும் அரசு அவள் தாயையும் தந்தையையும் தெருவிலிருந்தே அகற்றிவிடுவதும் நியாயமாகாது.

விலங்குகளைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டுவது 1998இன் அறிவிக்கையால் தடைசெய்யப்பட்டது. 2011இல் அப்பட்டியலில் காளையும் சேர்ந்தது. சல்லிக்கட்டு வழக்குகளால் இந்தச் சேர்க்கை நாடறிந்ததாயிற்று. தமிழ்நாடு 2017இல் தனிச்சட்டம் இயற்றிச் சல்லிக்கட்டுக்கு வழி செய்துகொண்டது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதே பட்டியலில் அகப்பட்ட பூம்பூம் மாட்டுக்காரருக்காக, சல்லிக்கட்டுக்குக் கூடியதுபோல, மெரினாவில் யாரும் கூடவில்லை. அவர்களுடைய மாடு தலையாட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை.

ஒலி, இடம், பொழுது

நெருக்கடியான நகரத்தில் தெருக்கலைக்கு எந்த வரம்பும் வேண்டாம் என்று வாதிடுவது அறியாமை. நடைபாதையை அடைத்துக் கூட்டம் நின்றால் அவசர ஊர்தி நுழைய முடியாது. ஒலிபெருக்கியோடு இரண்டு குழுக்கள் அருகருகே நின்றால் இரண்டுமே இரைச்சலாகும். கடைவாசலில் நாள் முழுதும் ஒரே பாட்டைக் கேட்கும் கடை ஊழியரின் துன்பமும் துன்பமே. இவற்றில் ஒலிக்கு ஏற்கெனவே விதி இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக்குகின்றன. வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல், குடியிருப்புப் பகுதியில் 55 டெசிபல் என்று வரம்பிடுகின்றன. டெசிபல் என்பது ஒலியின் செறிவைக் குறிக்கும் அலகு. இருவர் இயல்பாகப் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல் இருக்கும். கட்சிக் கூட்டங்களின் ஒலிபெருக்கிகள் இவ்வெண்களை எப்படி நடத்துகின்றன என்பதை அறிந்தவர்கள், உடுக்கை அடிப்பவரிடம் மட்டும் அளவுகோலை நீட்டுவதை நேர்மையான ஒழுங்கு என்று ஏற்கமாட்டார்கள்.

இடத்துக்கும் பொழுதுக்கும் பிற நகரங்கள் வழி கண்டிருக்கின்றன. பாரிஸ் சுரங்க இரயிலை நடத்தும் நிறுவனம் 1997 முதல் இசைவாணர்களைக் குரல்தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்து, சுமார் 300 பேருக்கு அடையாள அட்டை அளித்து, நிலைய நடைவழிகளில் வாசிக்க விடுகிறது. சிங்கப்பூரில் தேசியக் கலை மன்றம் தேர்வு நடத்தி, உரிமம் கொடுத்து, நிற்கும் இடங்களையும் வகுத்திருக்கிறது; தொடக்க காலத்தில் வசூலான காசை அறப்பணிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றுகூட அங்கே விதி இருந்து, பின்னர் நீங்கியது. கலைஞர் உண்ண வேண்டும் என்ற எளிய உண்மையை அத்தனை திட்டமிட்ட நகரமும் காலம் கடந்தே கண்டுகொண்டது. இரு ஊர்களின் முறையிலும் ஒரு குறை பொதுவானது: குரல்தேர்வு வைக்கும் குழுவின் இரசனையே தெருவின் இரசனையாகிவிடுகிறது. கிட்டார் தேர்ச்சி பெறும், குடுகுடுப்பை தேர்ச்சி பெறாது. தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ உரிமமுறை வந்தால் முதலில் விலக்க வேண்டியது இந்தத் தேர்வைத்தான். நல்ல கலையா என்று முடிவு செய்யும் வேலை துண்டில் காசு போடுபவருக்கு உரியது.

தமிழ்நாட்டில் 2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அட்டையும் உதவித்தொகையும் வழங்குகிறது. சென்னை சங்கமம் போன்ற விழாக்கள் பறையையும் கரகத்தையும் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தன. இவை மதிக்கத்தக்கவை. ஆயினும் விழா முடிந்த மறுநாள் அதே கலைஞர் அதே கடற்கரையில் தனியாக நின்று வாசித்தால், வாரிய அட்டை அவருக்கு நிற்க ஓர் அடி நிலத்தையும் பெற்றுத் தராது.

கிளிஞ்சல்மேட்டின் கணக்கு

கிளிஞ்சல் குவிந்த மேடு என்று பெயரிலேயே நெய்தல் நிலத்தைச் சுமக்கும் கிளிஞ்சல்மேடு, காரைக்கால் நகரை ஒட்டிய மீனவ ஊர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பேரிழப்புக்கு ஆளான ஊர்களில் ஒன்று. சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்கள் எதிலும் போலவே இங்கும் அரசின் அலுவலகங்களுக்கு அப்பால் ஊர்ப் பஞ்சாயத்து என்ற அமைப்பின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பது, அதாவது மணமான ஆண் ஒருவரைத் தலைவராகக் கொண்ட ஒவ்வொரு குடும்பத்திடமும் பங்கு பெறுவது, கூத்துக்கோ கச்சேரிக்கோ ஆள் பேசுவது, எத்தனை மணிக்கு எங்கே ஆடுவது என்று முடிவு செய்வது, விழா நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்வது ஆகிய அனைத்தும் பஞ்சாயத்தாரின் பொறுப்பு. இந்த அமைப்பில் பெண்களுக்கு இடமில்லை என்பதும், அதன் தண்டனைகள் சில வேளைகளில் கடுமையானவை என்பதும் மறைக்கக் கூடாதவை. ஆனாலும் தெருக்கலையை முறைப்படுத்துவது எப்படி என்று மாவட்ட நிர்வாகம் அறிய விரும்பினால், சிங்கப்பூருக்குப் போகுமுன் இந்த மணற்தெருக்களுக்கு வரலாம்: இங்கே ஆடவருபவர் பிச்சைக்காரராக வருவதில்லை; பேசிய தொகைக்கும், குறித்த பொழுதுக்கும், காட்டிய இடத்துக்கும் உரியவராக வருகிறார்.

இதை நகரத்துக்கு விரிக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம், தெருவில் பொருள் விற்பவரோடு பொதுமக்களுக்குச் சேவை அளிப்பவரையும் தெரு வணிகர் என்றே வரையறுக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அகற்றக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டு இடங்கள் தெரு வணிகர்களுக்கும், அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கும் உரியவை என்கிறது. கடற்கரையில் பலூன் விற்பவருக்கு இந்தக் காப்பு உண்டு. அவருக்கு மூன்றடி தள்ளிக் குழல் வாசிப்பவருக்கு, ‘சேவை’ என்ற சொல்லை எவரும் அவர் பக்கம் திருப்பாததால், அது இல்லாமல் போகிறது. புதுச்சேரி அரசு இச்சட்டத்தின் கீழான தன் திட்டத்தில் தெருவில் கலை நிகழ்த்துவோரும் சேவை அளிப்பவரே என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரியைக் கேட்டுக் காரைக்கால் நகராட்சி எழுத வேண்டும். அடுத்த ஆனிப் பௌர்ணமிக்கு முன் எழுத வேண்டும்.